அவள் முதுகுக்கு ஏற்ற ஃபோம்

நகத்தால் கீறினால் வெள்ளைத் தெர்மாகோல் மணிமணியாக உதிர்கிறது. நீலப் பலகை சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று விட்டுக்கொடுக்கிறது. மஞ்சள் ஃபோம் மட்டும் பொடியாகி நகக்கண்ணுக்குள் ஏறி அரிக்கிறது. மூன்றையும் மாற்றி மாற்றிக் கீறிக்கொண்டு பல்கீஸின் கடையில் ஒன்பது மணியிலிருந்து நிற்கிறேன். மீன் ஏற்றுமதிக்காரர்களுக்கு ஐஸ் பெட்டி, கல்யாண மேடைக்காரர்களுக்கு அன்னப்பறவை வெட்டுவதற்குக் கட்டி, மொட்டை மாடியில் வெயிலைத் தடுக்கப் பலகை என்று கூரைவரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறாள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு கட்டி. இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், முக்கால் அடி கனம். அதில் என் மனைவி செண்பகவல்லியின் முதுகைச் செதுக்க வேண்டும். செதுக்கித் தேய்த்து மெழுகு பூசி, அதன்மேல் ஃபைபர் மேட்டை விரித்து ரெசின் என்கிற பிசினைத் தடவி, இறுகியபின் கழற்றி எடுத்தால் அவள் சாய்ந்திருந்த இடம் கிடைத்துவிடும். அதற்குக் கால் வைத்து ஒரு நாற்காலியாக்கி வீட்டில் போட்டுக்கொள்ளலாம். முழுக்க என் கையால் செய்தது. வேறு யார் கையும் படாதது. வேறு யார் கையும் என்று நினைக்கும்போதே தனிஸ்லாஸின் கை வந்துவிடுகிறது, ரெசின் காய்ந்து வெடித்த விரல்களோடு. இன்று பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைச் சாலையில் அவனுடைய படகுக் கொட்டகையை இடிக்க ஜேசிபி வருகிறது. நேற்றுச் சாயங்காலம் அவனே போனில் சொன்னான். "நயினாரே, ரோட்ட அகலப்படுத்துறாங்க. சாமானெல்லாம் ஒதுக்கியாச்சு. தங்கச்சி உக்காந்து எடுத்த அந்த ஃபோம் இன்னும் கெடக்கு வே. அத மட்டும் தூக்கிப் போட மனசு வரல. மத்தியானத்துக்குள்ள வந்து எடுத்துக்கிடும். இல்லன்னா மண்ணோட மண்ணாப் போயிரும்." தங்கச்சி என்று அவன் சொல்வது செண்பகத்தைத்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து குளித்து, கடற்கரைக்கு நேர் எதிர்த்திசையில் நடந்து இங்கே வந்துவிட்டேன்.

மனசு வரல என்றானே, அதுதான் உறுத்துகிறது. தூக்கிப் போட மனசு வராமல் இருபத்தோரு வருஷம் வைத்திருந்தானா? அச்சு எடுத்து முடித்ததும் உடைத்துக் குப்பையில் போட்டிருப்பான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் எத்தனையோ படகு செய்தவன், ஒவ்வொரு படகுக்கும் அச்சு, ஒவ்வொரு அச்சுக்கும் மாதிரி. அதையெல்லாம் உடைத்துக் கொளுத்தும் புகையை நான் வேலை பார்த்த உப்பளத்து பம்ப் ரூமிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். அந்தப் புகையில் இதுவும் போயிருக்கும் என்று ஒரு நிம்மதி எனக்கு இருந்திருக்கிறது. இருந்தது என்பதே நேற்று அது போனபோதுதான் தெரிந்தது. எங்கே வைத்திருந்தான்? மூலையிலா, பரணிலா, மேலே துணி போட்டா? யாராவது இது என்னவென்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? என்னிடம் அவளுடைய போட்டோ பதினான்கு இருக்கின்றன. எல்லாவற்றிலும் முகம்தான். கல்யாணத்தில், தபால் ஆபீஸ் ஆண்டு விழாவில், திருச்செந்தூரில், பென்ஷன் அட்டையில். முதுகை யார் போட்டோ எடுக்கிறார்கள்? முதுகுதான் அவள். ஒரு வயதில் வந்த போலியோ இடது காலை மெலிய வைத்ததோடு நிற்காமல் முதுகெலும்பையும் வளைத்துவிட்டது. அந்த வளைவோடுதான் சமைத்தாள், ஸ்டாம்ப் விற்றாள், என் பக்கத்தில் படுத்தாள். கடைசியில் அந்த வளைவுதான் நுரையீரலை நெருக்கி, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம் மூச்சை நிறுத்தியது. பதினாறு முடிந்த மறுவாரமே அவளுடைய ஸ்கூட்டரை, பக்கச் சக்கரம் இரண்டோடும் அந்த ஃபைபர் சீட்டோடும், ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். பெரிய மனசு ஒன்றும் இல்லை. சீட் தனிஸ்லாஸ் அந்த ஃபோமில் அச்சு எடுத்துச் செய்தது. வீட்டுக்குள் அவன் செய்த ஒன்று, அவளுடைய வடிவத்தோடு, அவள் இல்லாமல். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு என்னிடம் எதுவுமே இல்லை.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி ஒவ்வொண்ணாத் தட்டித் தட்டிப் பாக்கிய. மேடைக்காரங்க வந்தா அஞ்சு நிமிஷத்துல தூக்கிட்டுப் போயிருவாங்க," என்கிறாள் பல்கீஸ். கடை அவள் வாப்பாவுடையது, இப்போது இவள்தான் பார்க்கிறாள். "எதுக்குன்னு சொன்னாத்தான நான் எடுத்துத் தர முடியும்." ஒரு சேருக்கு என்றேன். சேருக்குன்னா ஸ்பாஞ்சு வேணுமே என்றாள். உட்காருவதற்கு இல்லை, அச்சுக்கு என்றேன். "ஃபைபரா? அப்பம் வெள்ளையத் தொடாதிய. ரெசின் பட்டா அப்பளம் மாதிரிப் பொரிஞ்சிரும்." எனக்குச் சொல்கிறாள். எனக்குத் தெரியாததா அது? அதைத் தெரிந்துகொண்டதனால்தானே எல்லாமே நடந்தது. நான் யாரிடமும் எதையும் கற்றவன் இல்லை. வெல்டிங், மோட்டார் காயில் கட்டுவது, பம்ப்பைப் பிரித்து மாட்டுவது எல்லாம் பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்து வந்தவை. ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் நானேதான் வைத்தேன், பதினெட்டு வருஷம் ஒரு போல்ட் கழன்றதில்லை. ஆனால் கம்பெனி சீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் போய் வந்தால் அவளுக்கு ராத்திரியெல்லாம் முதுகில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். முதுகுக்கு ஏற்ற மாதிரி ஒரு சாய்மானம் செய்கிறேன் என்று நானே சொன்னேன். தெர்மாகோல் மீன் பெட்டி மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கறிக்கத்தியால் செதுக்கி, அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி விரலால் தடவி அளவு பார்த்து, நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஐந்தாம் ஞாயிறு ரெசினைக் கலக்கி மேலே ஊற்றினேன். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். கண் முன்னாலேயே குழி விழுந்தது, குழி ஓட்டையானது, ஓட்டை பெரிதாகி நாலு வாரத்து வேலையும் பிசினாகக் கோணிச் சாக்கில் வழிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த செண்பகம் சிரித்தாள். "என் முதுகக் கரைச்சிட்டீங்களே!" விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்த மாதிரிதான் இருந்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்தான் சொன்னாள், "படகு செய்யுறவங்க யாரையாச்சும் கேட்டா என்னங்க?"

பல்கீஸ் ஒரு ஐஸ் பெட்டிக்காரருக்குப் பில் போடப் போய்விட்டாள். நான் நீலப் பலகையை எடுத்து முகர்கிறேன், மணமே இல்லை. இதையும் ரெசின் தின்னும். பிரவுன் டேப்பைச் சுற்றி அதன்மேல் தடவலாம், ஆனால் டேப்பின் சுருக்கமெல்லாம் ஃபைபரில் பதிந்துவிடும். அச்சு எதையும் மறைக்காது, பூசுகிறவனின் கைநடுக்கம்வரைக்கும் அதில் வந்துவிடும். தனிஸ்லாஸ் கொட்டகையில் அன்றைக்கு மண்ணெண்ணெயும் மீனும் கலந்த ஒரு வாடை. அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செதுக்கவெல்லாம் வேண்டாம் வே, தங்கச்சி உக்காந்தாப் போதும், ஃபோம் தன்னால அளவெடுத்துக்கிடும்," என்றான். படகு முங்காமல் இருக்க அடிவயிற்றில் ஊற்றுவார்களே, இரண்டு டப்பாத் திரவம், கலந்தால் பொங்குவது, அது. பலகைப் பெட்டிக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் பையை விரித்தான். பழைய பெயிண்ட் வாளியில் இரண்டையும் ஊற்றிக் குச்சியால் கலக்கிக்கொண்டே ஒன்று இரண்டு என்று எண்ணி, பைக்குள் கவிழ்த்து, "ம், இப்ப உக்காருங்க தங்கச்சி, நேரா, வழக்கமா உக்கார்ற மாதிரி," என்றான். நான்தான் தூக்கி உட்கார வைத்தேன். அதை மறக்கக்கூடாது, தூக்கி உட்கார வைத்தது நான். பிறகு அவன் என்னைப் பெட்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான், பொங்கும்போது தள்ளுமாம். ஆகவே நான் அவளுக்குப் பின்னால், பலகைக்கு வெளியே, இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு. உள்ளே நுரை ஏறுகிறது. மரத்தில் சூடு தெரிகிறது. "ஏறுது," என்கிறாள் அவள். "சூடா வருது. இடுப்புக்கு வந்துட்டு." பிறகு ஒரு மூச்சு விட்டாள், நான் அதுவரை கேட்காத ஒரு மூச்சு. "யாரோ பின்னால இருந்து தாங்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கு." பின்னால் இருந்தது நான். பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தது நான். அப்போது தனிஸ்லாஸ் எங்கே நின்றான்? அவளுக்கு எதிரே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். சில நாள் யோசித்தால் அவன் வாசலில் கடலைப் பார்த்து நிற்கிறான். இன்றைக்கு மறுபடியும் எதிரே நிற்கிறான், கையில் குச்சியோடு, லேசாகச் சிரித்துக்கொண்டு. எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. சூடு மட்டும் நிஜம், அது என் உள்ளங்கைக்கு வந்தது.

அதிலிருந்து பதினெட்டு வருஷம். ஆபீஸ் விட்டு வந்து ஸ்டாண்டு போடும்போதே சொல்வாள், "இன்னைக்கு முதுகு வலியே இல்லைங்க." நான் ம் என்பேன். வலி இல்லை என்றால் எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு அடியில் ஒன்று கிடந்து அரித்தது, இந்த மஞ்சள் பொடி மாதிரி. முன்பு ராத்திரி தைலம் தேய்த்துவிடுவேன், சீட் வந்தபின் அது வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று, அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை. அவளுக்குத் தேவைப்படவில்லை. தேய்க்கட்டுமா என்று நானாகக் கேட்டால், "எதுக்குங்க, நல்லாத்தான இருக்கேன்," என்பாள். தீபாவளிக்கு முந்திரிக்கொத்து செய்தால் அவனுக்கு ஒரு டப்பா எடுத்து வைப்பாள். "குடுத்துட்டு வாங்க, அந்த மனுசன் புண்ணியத்துல நடமாடுறேன்." நான் வாங்கிக்கொண்டு போய் பம்ப் ரூம் நாய்களுக்குப் போட்டேன். முதல் வருஷம் மட்டும் இல்லை, எல்லா வருஷமும். திரும்பி வந்ததும் அவள் கேட்பாள், என்ன சொன்னார் என்று. சும்மா இருக்க முடியாதே. "நல்லாயிருக்குன்னாரு." அடுத்த வருஷம் அது போதவில்லை. "வேற ஒண்ணும் சொல்லலையா?" "பாகு பதம் சரியா வந்திருக்குன்னாரு." அவள் முகம் மலரும். அவளுடைய பலகாரத்தை நான் தின்றுவிட்டு ஒருநாளும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனுக்காக யோசித்து யோசித்து நானே பாராட்டுகளைத் தயார் செய்து கொடுத்திருக்கிறேன், அவை அத்தனையும் அவன் கணக்கில் போய்விட்டன. ஒரு வருஷம் நேராகவே கேட்டாள், "உங்களுக்கு அவரு மேல என்ன கோவம்?" "கோவமா? எனக்கென்ன கோவம்?" என்று எழுந்து போய்க் குழாயை ரிப்பேர் பார்த்தேன், ஒழுகாத குழாயை.

மஞ்சள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அரிக்கட்டும். ரெசின் இதைத் தொடாது, கத்திக்கு வளையும், தேய்த்தால் தோல் மாதிரி வரும். "பல்கீஸ், இது." அவள் இறக்கி மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள். "தைரியமா எடுங்க அண்ணாச்சி, குளிர் ரூம் கட்டுறவுக வாங்குறது. வரைஞ்சு குடுத்தியன்னா இங்கனயே ஓரத்த வெட்டித் தந்திருவேன், வீடு பூராத் தூசி ஆகாது." தச்சர் பென்சில் ஒன்றைக் கொடுத்தாள். கழுத்தடியில் ஒரு புள்ளி வைத்தேன். இடுப்பில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே முதுகெலும்பு. கோடு கீழே இறங்கியது, நான்கு விரற்கடை இறங்கி அங்கே நின்றது. இங்கேதான் வளையும். எந்தப் பக்கம்? பென்சில் நிற்கிறது. இடதா, வலதா? தைலம் தேய்த்த விரலுக்குத் தெரியும் என்று கண்ணை மூடினேன். கட்டைவிரல் கழுத்திலிருந்து எலும்பெலும்பாக இறங்குகிறது, நடுவில் ஒரு பக்கமாக விலகிப் போகிறது, விலா எலும்பு அங்கே ஒரு மேடாக எழும்பியிருக்கும், அதைச் சுற்றிக்கொண்டு போகும். இடது பக்கம். இல்லை, அது பீரோக் கண்ணாடியில் பார்த்தது, கண்ணாடியில் மாறியல்லவா தெரியும்? சுவரைப் பார்த்து உட்காருவாளா, ஜன்னலைப் பார்த்தா? ஒரு வீட்டில் சுவர், மாறிப் போன வீட்டில் ஜன்னல். கால் இடதுதான், அது நிச்சயம். கால் குட்டை என்றால் இடுப்பு இடது பக்கம் சரியும், சரிந்தால் எலும்பு நிமிர்வதற்காக எதிர்ப்பக்கம் வளையும், அப்படியானால் வலது. ஆனால் காலிப்பர் பூட்டில் குதிகாலை உயர்த்திக் கொடுத்திருந்தார்களே, அப்படியானால் சரிவு இல்லை. பம்ப்பைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி அவளைப் பிரித்துப் பார்க்கிறேன், இரண்டு விடையும் வருகிறது. முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தவன். "வளைவு வருமோ?" என்கிறாள் பல்கீஸ் மெதுவாக. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "மதினிக்கு எடுக்கிற சேரா அண்ணாச்சி?" ஆமாம் என்றேன். "எந்தப் பக்கம் மேடு?" என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. அவள் மின்விசிறியைத் திருப்பி வைத்தாள்.

தனிஸ்லாஸுக்குத் தெரியும். அவனிடம் இருக்கிறது. எனக்கு மறந்துபோனது அவன் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு. கடைக்கு வெளியே வந்து போன் செய்தேன். இரண்டாவது ரிங் போவதற்குள் எடுத்துவிட்டான்.

"வாறீரா வே? மெஷின்காரன் வந்து டீக்குடிச்சிக்கிட்டு நிக்கான்."

"ஒண்ணு கேக்கணும்," என்றேன். "அவளுக்கு முதுகில மேடு எந்தப் பக்கம்?"

சிரிக்கிறானோ என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன்.

"என்னக் கேட்டா?" என்றான் தனிஸ்லாஸ். "நான் எங்க பாத்தேன்? பொம்பளப்பிள்ள உக்காந்திருக்கு, நான் வாசல்ல கடலப் பாத்துல்லா நின்னேன். நீருதான பின்னால நின்னீரு."

"அப்ப உமக்கும் தெரியாது."

"பாக்கல்ல. ஆனா..." என்று இழுத்தான். "கோவிச்சுக்கிட மாட்டீரே? அது வலப்பக்கம் குத்தும் வே. முதுகு நேரா உள்ளவனுக்கு வலப்பக்கம் கொஞ்சம் முட்டிக்கிட்டு இருக்கும். அப்ப தங்கச்சிக்கு அங்கன பள்ளம். மேடு இடதுபக்கம்தான் இருந்திருக்கணும்."

இடது. சொன்னவுடனே என் கட்டைவிரல் இடது பக்கமாக நகர்ந்தது, போனைப் பிடித்திருந்த கையில். இடதேதான். வேறு எப்படி இருக்க முடியும்? இதை எப்படி மறந்தேன்? உள்ளே போய்ப் பென்சிலை எடுத்துக் கோட்டை முடித்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. கடையைப் பார்த்துத் திரும்பினேன், பல்கீஸ் கட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டடி வைத்தேன். அப்போதுதான் அவன் சொன்னது முழுதாக உள்ளே இறங்கியது. முதுகு நேரா உள்ளவனுக்குக் குத்தும். எத்தனை தடவை உட்கார்ந்தால் ஒருவனுக்கு அது தெரியும்? நான் இப்போது போடப்போகும் கோடு என் விரல் சொன்னது இல்லை, அவன் முதுகு சொன்னது. எந்த ஃபோமை வாங்கினாலும், எத்தனை ஞாயிற்றுக்கிழமை தேய்த்தாலும், அந்தக் கோடு அவனிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அவளே உட்கார்ந்து வந்த கோடு ஒன்றுதான் உண்டு, அது அங்கே இருக்கிறது.

"நயினாரே? இருக்கீரா?"

"எத்தன நாளா உக்காருதீரு?"

"என் வீட்டுக்காரி போனதில இருந்து," என்றான். "அதுக்கு அப்புறம் கொட்டகையிலதான சாப்பாடு. வேற சாய்மானம் இல்ல. குத்தினாலும் பரவாயில்லன்னு..." அவனுடைய மனைவி இறந்து எட்டு வருஷம். செண்பகம் உயிரோடு இருந்தபோதே, ஒரு நாளில் ஒரே நேரத்தில் அவள் அந்த வடிவத்தில் ஸ்கூட்டரிலும் இவன் அதே வடிவத்தில் கொட்டகையிலும். என் நெஞ்சு எரிந்தது. எரிந்துகொண்டே, குத்துகிறது என்று தெரிந்தும் சாய்ந்து சாப்பிடுகிற ஒரு கிழவனையும் பார்த்தது. பார்த்த பிறகும் எரிந்தது. போனில் ஒரு சத்தம், ஃபோம் எடை தாங்கி முனகுகிற மாதிரி. அவன் பக்கம் மாற்றி உட்காருகிறான்.

"இப்ப எதில உக்காந்திருக்கீரு?"

"சேரெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு வே..."

சாலையில் வந்த ஆட்டோவுக்குக் கையை நீட்டினேன். பின்னால் பல்கீஸ், "அண்ணாச்சி, கட்டிய வெட்டட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டேன்.

"எந்திரியும் வே," என்றேன் போனில். "எந்திரிச்சு நில்லும். நான் வாறேன்."